சரிவுத் தரையில் ஒரு பந்தி

கடலூரில் என் தாய்மாமாவின் சினிமா தியேட்டர் மூடிப் பல வருஷம் கழித்து, அதைக் கல்யாண மண்டபமாக மாற்றும் வேலை என்னிடம் வந்தது. கட்டடக்கலை படித்து முடித்த புதிது. பழைய கட்டடத்துக்குப் புது வேலை கொடுக்கலாம், ஆனால் அதன் அடையாளத்தில் கை வைக்கக் கூடாது என்பது பாடம். எனக்கு அது வேதவாக்கு.

மாமா கேட்டது ஒன்றே ஒன்று. "தரைய மட்டம் பண்ணிடு பாப்பா."

திரையை நோக்கி இறங்கும் சரிவுதான் தியேட்டருக்கு அழகு என்று அரைமணி நேரம் பேசினேன். லேசான சரிவுதான், யாருக்கும் தெரியாது என்றேன். "படிச்சவ சொல்ற, இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்.

அங்கே நடந்த முதல் கல்யாணம் அவர் மகளுடையது. மாப்பிள்ளை வீடு சிதம்பரம். முன்பு ஓர் இடம் நிச்சயம் வரை வந்து தட்டிப்போயிருந்தது. இந்தச் சம்பந்திகள் ஒரு குறையும் சொல்லிவிடக் கூடாதே என்று நாலு நாளாக மாமா எல்லாரிடமும் புலம்பிக்கொண்டிருந்தார்.

திரை இருந்த இடத்து மேடையில் தாலி கட்டியாயிற்று. அதே கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிப் பந்திக்கு டேபிள் போட்டார்கள். என் வரைபடத்தில் எல்லாரும் படம் பார்க்க வந்தவர்கள்போல மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மேடையோ மேற்கே. சம்பந்திகளைக் கிழக்குப் பார்த்துத்தானே உட்காரவைப்பார்கள்? அது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கு எந்தப் பழைய கட்டடத்தைத் தொட்டாலும், யார் எந்தத் திசை பார்த்து உட்காருவார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். அன்று அவர்கள் மேட்டைப் பார்த்தபடி பள்ளத்தில் உட்கார்ந்தார்கள்.

சாம்பார் சோற்றோடு நின்றது. ரசம் நிற்கவில்லை. இலையைத் தாண்டி, விரித்திருந்த பேப்பரைத் தாண்டி, மாப்பிள்ளையின் அப்பாவுடைய பட்டு வேட்டியில் இறங்கியது. வரிசை முழுக்க இடது கையால் இலை ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"என்னங்க, தரையக்கூட மட்டமாப் போடலியா?" என்றார் அவர், எல்லாருக்கும் கேட்கும்படி.

நான் வாயைத் திறக்கும் முன் மாமா முந்திக்கொண்டார். "எங்க அக்கா பொண்ணு மட்டம் பண்ணலாம்னுதாங்க சொல்லுச்சு. நான்தான் வேணாம்னுட்டேன். மன்னிச்சுக்குங்க." சொல்லிக்கொண்டே தோள் துண்டை எடுத்து டேபிளைத் துடைத்தார்.

எனக்குக் காது சுட்டது. அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

ஒரு வாரம் கழித்துப் போனேன். வேறோர் இன்ஜினியர் தரைக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். "வா பாப்பா, காபி சாப்புடுறியா?" என்றார் மாமா. தரையைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.