பதினோராவது மேட்டின் அடிமண்

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் மண்ணக்கா என்றே கூப்பிடுவார்கள். மண்ணைக் காயவைத்து, சலித்து, பையில் போட்டுச் சீட்டு ஒட்டுவது இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. "ஊர்ல எல்லாருக்கும் மண்ணாசைன்னா நிலம். என் பொண்டாட்டிக்கு வெறும் மண்ணு" என்பார் கணவர்.

நகருக்கு வெளியே பழங்காலத்துப் புதைமேடுகள் பதினொன்று இருந்தன. செத்தவரைப் புதைத்து மேலே மண்ணைக் குவித்த அன்றே அடியிலிருந்த தரை மூடிக்கொண்டது. பிறகு பெய்த மழை அதைத் தொடவில்லை. அந்தத் தரையில் சுண்ணாம்பு ஆழமாக இறங்கியிருந்தால் அது நல்ல மழை பெய்த காலம். மேலாகவே வெள்ளைப் புள்ளிகளாய் நின்றிருந்தால் வறட்சி. பத்து மேடுகளைப் பார்த்தாயிற்று. எல்லாவற்றிலும் பழையது பதினோராவது. அதை இடித்துச் சாலை போடுகிறார்கள் என்று தகவல் வந்த காலையில், இந்த ஆய்வை நடத்திவந்த ஆய்வாளர் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். மண்ணக்கா பைகளை எடுத்துக்கொண்டு தனியாகப் பேருந்து ஏறினாள்.

பாதி மேடு அதற்குள் காணாமல் போயிருந்தது.

"தம்பி, ரெண்டு மணி நேரம் குடுப்பா."

புல்டோசர் ஓட்டுநர் கையை விரித்தார். "என் கையில என்னக்கா இருக்கு? சாயங்காலத்துக்குள்ள தரைமட்டம் ஆகணும். நான் சாப்பிட்டு வர்ற அரை மணி நேரம் உங்களுது."

வெட்டுச்சுவரின் காலடியில் அவள் தோண்டினாள். கருஞ்சாம்பல் நிறத்தில் பழைய தரை தெரிந்தது. அதற்கு நாலே விரல் கீழே வெள்ளைப் புள்ளிகள். அடியிலிருந்து மேலாக எடுப்பதுதான் முறை. ஒரு பை ஆயிற்று, இரண்டு ஆயிற்று. தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்துக்குப் பொலபொலத்த மண். இப்படி நின்றவர்கள் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறாள்! மூன்றாவது பையைத் திறக்கும்போது சுவர் சரிந்தது.

ஓட்டுநர் சாப்பாட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். இயந்திரத்தைத் தொடப் பயந்து வெறுங்கையால் மார்புவரை இருந்த மண்ணைப் பறித்தார்.

"பை... பை எங்கப்பா?"

"உசுரு போகுதுக்கா, பையாம் பை!"

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அவளை வண்டியில் ஏற்றிய பின்னும் அவர் தேடிப் பார்த்தார். ஒரு பைதான் அகப்பட்டது. மாலைக்குள் அந்த இடம் சமதரை ஆனது.

இரண்டு மாதம் கழித்து ஆய்வாளர் வீட்டுக்கு வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

"கிடைச்சது அடிப்பை. அதுல சுண்ணாம்பு எங்க ஆரம்பிச்சுதுன்னு தெரியலையே."

"நான் பாத்தேன் மேடம். நாலு விரல்தான். கொடிய வறட்சி."

"நீங்க மட்டும்தானே பாத்தீங்க. அளவு இல்ல, படம் இல்ல. எப்படி எழுதுவேன்?"

"கேள்விக்குறியாவது போடுங்க மேடம். அட்டவணையில அந்த மேட்டோட வரிசையை எடுத்துடாதீங்க."

ஆய்வாளர் தரையைப் பார்த்தார். "பத்து மேடுன்னு போட்டுக் கட்டுரையை அனுப்பிட்டேன்."

மண்ணக்காவால் எழுந்து போக முடியாது. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.