லாவண்யா கொடுத்த ப்ரோகிராம்

மண்ணூர்பேட்டை ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள் லாவண்யா. பில் போடுகிறவள் நான், கமலம். எம்.எஸ்சி. படித்துவிட்டு தொழிற்பேட்டைத் தொழிலாளிகளின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருக்கிறாளே என்று எனக்குத்தான் ஆற்றாமை. அவள் ஒரு குறை சொன்னதில்லை.

சென்னையிலுள்ள ஒரு பல்கலைக்கழகமும் ஸ்வீடனிலுள்ள ஒன்றும் சேர்ந்து ஆன்லைனில் உயிர்த்தகவலியல் வகுப்பு தொடங்கின. மரபணுக்களைக் கம்ப்யூட்டரில் அலசுகிற படிப்பு. தேறினால் ஆய்வுக்கூடத்தில் வேலைப் பயிற்சி. லாவண்யா சேர்ந்தாள். பஸ்ஸில், சாப்பாட்டு நேரத்தில், மேனாம்பேட்டு வீட்டில் சோறு வேகிற நேரத்தில், எப்போதும் அதே நினைப்பு. ஊசியைக் கீழே வைக்க அவளுக்கு வேறு வழியும் இல்லை.

கடைசித் தேர்வுக்கு ஆளாளுக்குத் தனியாக ஒரு ப்ரோகிராம் எழுதி அனுப்ப வேண்டும். கூடப் படித்த ஸ்வாதி, வெள்ளானூர் அடுக்குமாடியில் புதிதாகக் குடிவந்தவள், “அக்கா, உங்களோடதைக் கொஞ்சம் அனுப்புங்க, பார்த்துக்கறேன்” என்றாள். இவளும் அனுப்பிவிட்டாள். நம் கல்லூரிகளில் ஒருத்தி ரெக்கார்டு நோட்டு எழுதினால் வகுப்பே பார்த்து எழுதும். கொடுக்காதவளுக்குத்தான் கெட்ட பெயர். அந்தப் பழக்கம் ஸ்வீடன்வரை செல்லுபடியாகும் என்று நினைத்துவிட்டாள், பைத்தியக்காரி.

ஸ்வாதி அதை அப்படியே முந்திக்கொண்டு அனுப்பினாள். லாவண்யா டியூட்டி முடிந்து போய்த்தான் அனுப்பினாள். இரண்டும் ஒன்று என்று தெரிந்ததும் இருவரையும் வீடியோவில் அழைத்தார்கள். அந்தப் பெண்ணைக் காப்பாற்றுவதாக நினைத்து, “சேர்ந்துதான் எழுதினோம்” என்றாள் இவள். “நான் தனியாத்தான் எழுதினேன்” என்றாள் ஸ்வாதி. பின்னால் அனுப்பியவள்தான் காப்பியடித்தவள் என்று முடிவாயிற்று. லாவண்யாவை நீக்கிவிட்டார்கள்.

“உண்மையைச் சொல்லி மெயில் போடுடி” என்றேன்.

“சேர்ந்து எழுதினோம்னு நானே சொல்ட்டேனே. இப்ப மாத்திச் சொன்னா யார் நம்புவாங்க?”

அடுத்த வாரம் ஸ்வாதியே போன் செய்தாள். பயிற்சிக்கு முன்னால் நேர்முகத் தேர்வாம். அந்த ப்ரோகிராம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்பார்களாம். லாவண்யா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையில் பஞ்சோடு, ஒவ்வொரு வரியாக விளக்கினாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. அதைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

போனை வைத்ததும் கத்தினேன். “இன்னாத்துக்குடி அவளுக்குச் சொல்லித் தர்றே?”

அவள் கண் கலங்கிவிட்டது.

“அந்த வீடியோவுல யாருமே என்கிட்ட இத்த கேக்கல கமலம். இவளாவது கேக்கறாளே.”