தபீதாளின் ஈஸ்ட்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றே காலுக்குச் சேதி வந்தது. போனில் சுந்தர்சிங். "அக்கா, தபீதா போயிட்டா" என்றார். காலையில் தலை வலிக்கிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லையாம். ரிசீவரை வைத்த பிறகும் லோகநாயகிக்கு அந்தக் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கேட்டுக்கொண்டே இருந்தது.

தபீதாள் சேலையூரில் இவளுக்குப் பின்தெரு. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். கணவர் சுந்தர்சிங் ரயில்வேயில் கார்டு. எண்பத்து நாலில் அங்கே குடிவந்த நாள் முதல், சனிக்கிழமை தவறாமல் வீட்டில் ரொட்டி சுட்டாள். பதினைந்து ரொட்டி, சொல்லிவைத்தவர்களுக்கு மட்டும்.

அதற்கு வேண்டிய ஈஸ்ட் அப்போது தாம்பரம் கடைகளில் கிடையாது. பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில், பேக்கரிகளுக்குப் போடும் மொத்த வியாபாரியிடம் போக வேண்டும். அவர் அரைக் கிலோ கட்டிக்குக் குறைந்து தரமாட்டார். தபீதாள் மூன்றடுக்கு டிபன் கேரியரோடு போவாள். அடியிலும் மேலேயும் ஐஸ், நடுவில் ஈஸ்ட். பீச் ஸ்டேஷனில் ஏறி, கேரியரை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வருவாள். பல்லாவரம் தாண்டும்போதே ஐஸ் உருகிப் புடவை நனையத் தொடங்கிவிடும்.

"கைக்குழந்தைய தூக்கிட்டு வர்ற மாதிரிதான் லோகாக்கா. உசுரு உள்ள பொருளாச்சே. தூங்க வெச்சே கொண்டாரணும்" என்பாள்.

அது தூங்கிய இடம் லோகநாயகியின் பிரிட்ஜ். நிலத்தை மனைபோட்டு விற்ற கையோடு அவள் கணவன் ஜெயவேலு வாங்கியது. தெருவில் அது ஒன்றுதான். தபீதாள் கட்டியைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, ஒவ்வொன்றையும் வெண்ணெய்த்தாளில் மடித்து, பிஸ்கட் டின்னில் அடுக்கி, பனி உறைகிற மேல்தட்டில் வைப்பாள். வாரம் ஒரு துண்டு எடுத்துப்போவாள். லோகநாயகியும் சில சமயம் கூடவே போவாள். ஈரத்துணிக்கு அடியில் மாவு மெல்ல மெல்ல மேலே வரும். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்திருப்பார்கள். யாரோ போர்வைக்குள் மூச்சுவிடுவது போலிருக்கும். வெளியே வெயில் தாழ்ந்ததுகூடத் தெரியாது.

எண்பத்தொன்பதில் சர்ச்சிலிருந்து பெரிய வெள்ளிக்கு அறுபது பன் கேட்டார்கள். மூன்று மணி நேர ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கு. தபீதாளுக்கு அப்படி ஒரு பொறுப்பு வந்தது அதுதான் முதல் தடவை.

அந்த வாரந்தான் பங்குனி உத்திரமும் வந்தது. லோகநாயகி குடும்பத்தோடு திருத்தணிக்குப் போனாள். வீட்டைப் பூட்டுமுன் கரண்ட் மெயினை அணைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அன்றும் ஜெயவேலு, "மெயினை ஆஃப் பண்ணிட்டியா?" என்றான். அவளும் கை பழகியபடி அணைத்தாள்.

மூன்று நாள் கழித்து, வியாழன் காலையில் திரும்பிக் கதவைத் திறந்தார்கள். வாடை குப்பென்று அடித்தது.

"இன்னா லோகா, பிரிட்ஜுக்குள்ள கள்ளு எறக்கி வெச்சிக்கீறியா?" என்று ஜெயவேலு சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குழைந்து ஒழுகிய ஈஸ்ட் துண்டுகளைக் கழுவிக் கொட்டினாள். உருவம் கெடாத நான்கைந்தைப் புதுத்தாளில் மடித்து மறுபடி உறையவைத்தாள். சாயங்காலம் தபீதாள் வந்தபோது அவை கல்போல இருந்தன. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். தபீதாளின் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சொல்லவில்லை.

அவற்றை வாங்கிப்போன தபீதாள், பொழுது விடிந்ததும் மறுபடி வந்து நின்றாள். கையெல்லாம் மாவு.

"மாவு எழும்பல லோகாக்கா. அப்படியே கெடக்கு. தண்ணி சூடு ஜாஸ்தியாப் போயிருக்கும். அவசரப்பட்டு நானே கொன்னுட்டேன்."

வேறு டின்னில் துண்டு இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்திருந்தாள். இல்லை. சர்ச்சுக்குக் கடையிலிருந்து பிஸ்கட் வாங்கினார்கள். யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு, ஈஸ்ட் கரைக்கும் தண்ணீரில் தபீதாள் மூன்று முறை விரல் வைத்துப் பார்ப்பாள். பார்த்தும் நம்பாமல், "நீ பாருக்கா, எனக்குக் கை சரியில்ல" என்பாள். லோகநாயகி விரலை வைத்து, "சரியாத்தான் இருக்கு" என்பாள். ஒவ்வொரு முறையும் அந்த வெதுவெதுப்பு அவள் விரலைச் சுட்டது. பெரிய வெள்ளிக்குக் கேட்டால் தபீதாள் மாட்டேன் என்றுவிடுவாள். ஏழு வருஷமாக இப்படித்தான்.

இதற்கிடையில் காற்று புகாத பொட்டலத்தில் மணல்போல உலர்ந்த ஈஸ்ட் வந்தது. குரோம்பேட்டைக் கடையிலேயே அரைக் கிலோ கிடைத்தது; பிரித்ததும் சின்ன புட்டிகளில் அடைத்து பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். தபீதாள் வீட்டுக்குச் சொந்த பிரிட்ஜும் வந்துவிட்டது. ரொட்டி மட்டும் வாராவாரம் லோகநாயகி வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. தாளைப் பிரிக்கும்போதெல்லாம், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள்.

அடக்கம் முடிந்து நான்காம் நாள் போனாள். சுந்தர்சிங் தனியாக இருந்தார். அவரிடம் சொன்னாள். திருத்தணி, மெயின், மறுபடி உறையவைத்தது, எல்லாம்.



"தெரிஞ்சிருந்தா சிரிச்சிருப்பாக்கா" என்றார். பிறகு, "தன் கையத்தான் கடைசிவரைக்கும் திட்டிட்டே இருந்தா" என்றார். இரண்டும் உண்மைதான் என்று லோகநாயகிக்குத் தோன்றியது.

"இந்த வருஷம் பெரிய வெள்ளிக்குச் சரின்னு சொல்லியிருந்தா. உங்ககிட்ட சொல்லலையா? நீங்க வந்து விரல் வெச்சா போதும்னா."

அவர் எழுந்து சமையலறையைக் காட்டினார். மேடையில் புது ஈஸ்ட் பொட்டலம் பிரித்தபடி இருந்தது. பக்கத்தில் ஆறு சின்ன புட்டிகள், கழுவித் துடைத்தவை. நான்கை நிரப்பி, மூடி, தேதி எழுதி ஒட்டியிருந்தாள். ஐந்தாவது பாதி நிரம்பியிருந்தது.