ஆறிய தோளில் திறந்த காயம்

வெசாக் பண்டிகை வெளிச்சக் கூடுகள் கொழும்பின் காலி வீதியில் இன்னும் கழற்றப்படாமல் தொங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளவத்தையிலிருந்து தவமணி அக்கா போன் எடுத்தார்.

"மிஸ், தங்கச்சியின்ர காயம் திறந்திட்டுது."

கழுத்துக் காயம் என்று நினைத்து, என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கழுத்தில்லை மிஸ். தோள்."

தோளில் நான் எந்தக் காயத்துக்கும் மருந்து கட்டியதில்லை.

அப்போது நான் ஆஸ்பத்திரி நேர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீடுகளுக்குப் போய்க் காயங்களுக்கு டிரெசிங் செய்துகொண்டிருந்தேன். தவமணியின் தங்கை சரோஜா, சங்கீத ரீச்சர். தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை தைரொயிட் ஒப்பரேசன் செய்து, கழுத்தின் குறுக்கே தையல் போட்டிருந்தது. "இனிச் சனம் பாட்டைக் கேக்காது, கழுத்தைத்தான் பாக்கும்" என்று பகிடியாகச் சொன்னாலும், அந்தக் கவலை அவருக்கு உண்மையாகவே இருந்தது.

தழும்பு தடிக்காமல் இருக்கச் செய்ய வேண்டியதையெல்லாம் தவமணிக்குச் சொல்லிக் கொடுத்தேன். காயம் முழுதாக மூடும்வரை சுத்தமாகவும் ஈரப்பதமாகவும் வைத்திருப்பது. மூடிய பிறகு சிலிக்கன் சீட் ஒட்டுவது. வஸ்லீன் தொட்டு மெதுவாக அழுத்தித் தேய்ப்பது. வெயில் படாமல் மறைப்பது. ஒன்றையும் அவர் பிழைவிடவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்குப் போனபோது தழும்பு மெல்லிய ரோஸ் நிறக் கோடாகத் தட்டையாக இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து நேரே போனேன். வெயில் படக்கூடாது என்று அறையின் யன்னல் சீலைகளை எல்லாம் இழுத்து மூடியிருந்தார்கள். லைட்டைப் போட்டுப் பார்த்தேன். சரோஜாவின் இடது தோளில் விரல் நீளத்துக்கு ஒரு பழைய தழும்பு, ஊதா நிறமாகி, நடுவில் பிளந்திருந்தது. அடிபடவில்லை. சீழ் இல்லை, மணம் இல்லை. தானாகத் திறந்திருந்தது.

அது எப்படி வந்தது என்று தவமணி சொன்னார். முப்பது வருடங்களுக்கும் முன், யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்கும்போது பங்கருக்குள் இருந்தார்கள். கடைசித் தங்கை ரதி, சரோஜாவின் மேல் சாய்ந்து படுத்திருந்தாள்.

"அவளைத் துளைச்ச துண்டுதான் மிஸ் இவளின்ர தோளில ஏறினது. இப்ப அவள் திரும்பி வாறாள். இவளையும் கூட்டிக்கொண்டு போகத்தான்."

தவமணிக்கு மிஞ்சியிருந்தது இந்த ஒரு சகோதரிதான். சரோஜா கட்டிலில் சாய்ந்தபடி அமைதியாகச் சிரித்தார்.

"அக்கா சும்மா பயப்பிடுறா. சின்னவள் கனவில வாறவள்தான். பசிக்குது எண்டு மட்டும்தான் சொல்லுறவள்."

அந்தச் சிரிப்பில் அவருடைய பல்லைச் சுற்றிய முரசுத் தசை தெரிந்தது. வீங்கி, கறுத்த ஊதாவாகி, பல் ஓரங்களில் இரத்தம் கசிந்திருந்தது. கால்களைப் பார்த்தேன். விழாமலே கன்றிப்போன கண்டல்கள். கழுத்தில் ஒட்டியிருந்த சிலிக்கன் சீட்டை உரித்தேன். கழுத்துத் தழும்பின் ஒரு முனையிலும் அதே ஊதா நிறம் தொடங்கியிருந்தது.

என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். தவமணி பெருமையோடுதான் சொன்னார்: சோறு, மிளகு சீரகம் அரைத்த சரக்குக்கறி, சின்ன மீன், பாண், பிளேன்ரீ. தேசிக்காய் புளி, காயம் சீழ் கட்டும். தக்காளி கிரந்தி, சொறி கிளப்பும். பழமும் கீரையும் குளிர். ஒப்பரேசன் செய்த நாளிலிருந்து இவற்றில் ஒன்றும் வாயில் படவில்லை.

"தழும்பு முத்த ஒரு வருசம் பிடிக்கும் எண்டு வாட்டில சொன்னவை. அப்ப பத்தியமும் ஒரு வருசம்தானே மிஸ்?"

பழைய கடற்பயணக் கதைகளில் இதை வாசித்திருக்கிறேன். மாதக்கணக்கில் பழமோ காய்கறியோ காணாத மாலுமிகளின் உடலில், எப்போதோ ஆறிய காயங்கள் திறந்துகொள்ளும். தழும்பு என்பது முடிந்துபோன வேலை அல்ல. உடல் அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, மறுபடி கட்டிக்கொண்டே இருக்கிறது. விற்றமின் சி இல்லாவிட்டால் கட்டுவது நின்றுவிடும், பிரிப்பது நிற்காது.

டொக்டருக்குப் போன் எடுத்து, விற்றமின் சி இல்லாமல் வரும் அந்த மாலுமி நோய் என்று சொன்னேன். கொழும்பில் இப்படி ஒரு நோயா என்று முதலில் சிரித்தவர், வந்து முரசைப் பார்த்ததும் மருந்து எழுதினார்.

தவமணி மருந்துத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அப்ப இவ்வளவு காலமும் நான்தான் பட்டினி போட்டனானோ?"

"மற்ற எல்லாத்தையும் சரியாத்தான் செய்தனீங்கள் அக்கா" என்றேன்.

சில நாட்களில் முரசில் இரத்தம் நின்றது. ஆடிவேல் தேர் வருமுன் தோள் மூடிவிட்டது. கழுத்து திறக்கவேயில்லை. அன்றிலிருந்து, எந்தக் கிறீம் பூசினால் தழும்பு மறையும் என்று கேட்பவர்களிடம், என்ன சாப்பிடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களும் அதைக் கேட்கப் பழகவேண்டும்.

கடைசியாகப் போன மத்தியானம், மேசையில் மூன்று தட்டுகளில் தோலுரிக்காத புளிப்புத் தோடம்பழம் வைத்திருந்தது. ஒன்று எனக்கு என்று நினைத்தேன். அறைக்குள் நாங்கள் மூவரும் இருந்து தோளையும் கழுத்தையும் பார்த்து முடித்து வெளியே வந்தோம். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. இரண்டு தட்டுகள் வைத்தபடியே இருந்தன. மூன்றாவதில் தோல் மட்டும் கிடந்தது.

தவமணி அந்தத் தட்டை எடுத்துக் கழுவப் போனார். சரோஜா சால்வையைக் கழுத்தில் சரிசெய்தபடி என்னைப் பார்த்தார்.

"இப்ப அவள் பசிக்குது எண்டு சொல்லுறேல்லை மிஸ்."