பெயர் வராது என்றார்கள்

ஜெரூசா கோபெய்யை எங்கள் நீர் வழங்கல் அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'தேன்காரி' என்பார்கள். மாவ் காட்டு ஓகியெக் இனத்தவள். அப்பன் பாட்டன் காட்டில் தேன் எடுத்தவர்கள், அதனால் அந்தப் பட்டம். அவளுக்குத் தேன் வாசனையே ஆகாது என்பது வேறு கதை.

நான் அங்கே ஜீப் ஓட்டுநர். என் இனம் எது என்று கேட்காதீர்கள். எங்கள் நாட்டில் பெயரைச் சொன்னாலே மீதியை ஆளாளுக்குக் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். மேனேஜர் முதல் காவலாளி வரை முக்கால்வாசிப் பேர் என் ஆட்கள், அவ்வளவுதான் சொல்வேன். சேர்ந்த வருஷமே என்னை நிரந்தரமாக்கினார்கள். ஜெரூசா பதினைந்து வருஷமாகத் தற்காலிகம்.

தண்ணீர் மீட்டர் பார்ப்பது அவள் வேலை. ஜீப் ஏறாத மேடெல்லாம் அவள் தலையில்தான் விழும். முணுமுணுக்காமல் ஏறுவாள், இறங்கி வந்து எல்லோரையும் கிண்டல் செய்வாள். புருஷன் இல்லை. ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. அதற்குள் நிரந்தரமானால் பென்ஷன், இல்லாவிட்டால் வெறுங்கை. அந்த வருஷம்தான் எப்படியோ அவள் கோப்பு மேனேஜர் மேஜைவரை வந்திருந்தது. ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி.

அப்போது நைரோபியிலிருந்து மலோபா வந்தார். அரசு வேலையில் எந்த இனத்துக்கு எத்தனை இடம், யாரை வாசலிலேயே நிறுத்துகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிற இளைஞர். நல்ல பிள்ளை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவரையும் ஜெரூசாவையும் ஒருநாள் மேட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஜீப்பிலேயே பேச்சு தொடங்கியது.

"என் பேரு வராதுல்ல தம்பி?"

"சத்தியமா வராதுக்கா. யார் பேரும் போட மாட்டோம். அதான் எங்க தொழில் தர்மம்."

ஜெரூசா என்னைப் பார்த்தாள். "இந்த ஆளு?"

"நான் செவிடு, தாயே," என்றேன்.

சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஒவ்வொரு தடவையும் நேர்முகத்துல கேள்வி ஒண்ணுதான் தம்பி. 'உங்கப்பா எந்த ஊரு?' ஊரச் சொன்னதும் பேனாவ மூடிருவாங்க. ஒருத்தர் கேட்டாரு, 'காட்டுல தேன் கெடக்கு, உனக்கெதுக்கும்மா பென்ஷன்?' நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது?" அப்புறம் அழுதாள். மழை விடும்வரை அழுதாள்.

ஆறு மாசம் கழித்து அந்த ஆய்வு அச்சாகி எங்கள் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி வந்தது. காலை டீ நேரத்தில், மந்தாசிப் பணியாரத்தைக் கடித்துக்கொண்டு மேனேஜர் உரக்கப் படித்தார். "மலைப்பகுதி நீர் அலுவலகம் ஒன்றில் மீட்டர் பார்க்கும் ஓகியெக் பெண் ஊழியர் ஒருவர் கூறியது..." தேன், பென்ஷன், பேனா எல்லாம் ஒரு வார்த்தை பிசகாமல் இருந்தது. பெயர் மட்டும் இல்லை. மாவட்டம் முழுக்கத் தேடினாலும் தண்ணீர் இலாகாவில் இருந்த ஓகியெக் அவள் ஒருத்திதான்.

மூலையில் டீயோடு இருந்த ஜெரூசாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜர் கோபப்படவும் இல்லை. "அந்த டீயை இந்தப் பக்கம் தள்ளுங்கப்பா," என்றார். ஜெரூசாவின் கோப்பு கையெழுத்தாகாமலே கட்டுக்கு அடியில் போனது. வருஷக் கடைசியில் ஆட்குறைப்பு என்று தற்காலிகத்தையும் முடித்துவிட்டார்கள். குறைத்தது ஒரே ஆளைத்தான்.

விஷயம் தெரியாமல் மலோபா புத்தகத்தோடு அவள் வீட்டுக்கு வந்தார். நான்தான் வழி காட்டினேன். கதையைக் கேட்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, பேர எங்கயும் போடலியேக்கா..."

"போடல தம்பி. நீ சொன்ன சொல்ல காப்பாத்திட்டே." அடுப்பில் உகாலிக் களியைக் கிண்டிக்கொண்டே பேசினாள். "ஆனா என் பேர அங்க யாருக்குத் தெரியும்? என் சாதிசனம்தானே தெரியும். அத மறைக்கல நீ. ஒக்காரு, சாப்ட்டுப் போ."

அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், எனக்கு அவள் முகத்தைப் பார்க்காமலிருக்க ஏதாவது வேலை தேவைப்பட்டது.

போன மாதம் அதே ஆய்வுக்கு இரண்டாம் கட்டமாக ஆட்கள் வந்தார்கள். ஓகியெக் யாராவது உண்டா, அவர்களுக்கு ஏதாவது குறை உண்டா என்று கேட்டார்கள். மேனேஜர் உள்ளதைத்தான் சொன்னார்.

"எங்ககிட்ட அப்படி யாரும் இல்லீங்க. ஒரு புகாரும் இல்ல."