நேவிக்காரனுக்குக் கிடைத்த ஓய்வு

சண்டைக் காலத்தில் திருகோணமலை ஆஸ்பத்திரியில் என் முழங்காலுக்குப் பயிற்சி வைத்தியம் செய்த மிஸ்ஸின் பெயர் எனக்குத் தெரியாது. மெலிந்த பெண். கதைக்கும்போது நோகும் இடத்தைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே இருப்பார்.

கரப்பந்தாட்டத்தில் துள்ளித் துள்ளி, முழங்கால் சில்லுக்குக் கீழே தசைநார் பழுதாகியிருந்தது. மிஸ் என்னைச் சரிந்த பலகையில் ஏற்றி, ஒற்றைக்காலில் மெதுவாகக் குந்தி எழும்பச் சொன்னார். நோவில் உயிர் போனது. அதே நோவோடு கடற்படை முகாமிலிருந்து வந்த நேவிக்காரனை மட்டும், அசையாமல் படுத்திருந்து எண்ணெய் பூசும்படி சிங்களத்தில் சிரித்துச் சொல்லி அனுப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவனுக்கு ஓய்வு, எனக்கு மட்டும் வதையோ மிஸ்?"

"நோவைப் பொறுத்து வேலை குடுத்தால்தான் இந்த நார் பலக்கும். சும்மா கிடந்தால் இன்னும் நலிஞ்சு போகும்" என்றார். பெருவிரல் இறுகியது. "துறைமுகச் சென்றியில மறிச்சுச் சோதிக்கேக்க என்ர அப்பாவை முழங்காலில நிக்க வைச்சவன் அவன்தான். கிடக்கட்டும்."

அடுத்த பருவம் நான் வலைக்கு மேலே எழும்பி அடித்தேன். அவனோ அதே சென்றியில், கதிரையை விட்டு எழும்ப ஏலாமல் துவக்கை ஊன்றிக்கொண்டிருந்தான்.

அன்று அவனுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அக்கறையாகச் சொன்னேன்:

"எண்ணெயை விடாமல் பூசுங்கள்."