போகும்போது கேட்கக்கூடாத கேள்வி

மகள் வடதுருவப் பக்கம் போக வெளிக்கிட்டாள். பனிக்கட்டி பற்றிய படிப்பு. கூடப் படிக்கிற மூன்று பேரும் போனார்கள். எனக்குத் தெரிந்த குளிர் ஹவுன்ஸ்லோ பஸ் தரிப்பிடத்துக் குளிர்தான்.

போவதற்கு முதல் நாள், குசினி மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தாள்.

"அப்பா, இதிலை பாருங்கோ. முதல் இங்கை. பிறகு இந்தக் கோட்டாலை போய், இங்கை கூடாரம் அடிப்பம்."

மனைவி அடுப்படியில் நின்று சத்தம் போட்டாள். "வெளிக்கிடேக்கை எங்கை போறாய் எண்டு கேக்கப்படாது."

"அப்பா கேக்கேல்லை. நான்தான் சொல்லுறன்."

"சொல்லவும் படாது."

"அம்மா, அங்கை சொல்லாமல் போறதுதான் ஆபத்து. கரடியை விட."

"கரடியோ?" கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

பின்னேரம் நாலு மணிக்கு சாட்டிலைட் போனில் எடுப்பாளாம். ஐந்து மணியாகியும் எடுக்காவிட்டால், அங்கே மீட்பு வேலை செய்கிறவர்களுக்கு நான் போன் அடிக்க வேண்டும். நாலு பேருக்கும் லண்டனில் ஆள் நான்தான்.

"ஏன் நான்? மற்றப் பிள்ளையளின்ரை தாய் தேப்பன் படிச்ச ஆக்கள்."

"அவை யோசிப்பினம். நீங்கள் சொன்னதைச் செய்வியள்."

போன் ஒழுங்காக வந்தது. "எல்லாரும் ஓக்கே. நாளைக்கும் இங்கைதான்." அவ்வளவுதான். அவளும் என்னைப்போல, கதை குறைவு.

ஒருநாள் போன் வரவில்லை. ஐந்து மணியானது. நான் போனை எடுத்தேன்.

"கொஞ்சம் பொறுங்கோவன்," என்றாள் மனைவி. "பற்றரி முடிஞ்சிருக்கும். ஊரைக் கூட்டினால் பிள்ளைக்குத்தான் வெக்கம்."

ஊரில் என் தம்பி வெளியே போய்த் திரும்பாத அன்று, நாங்கள் ஒருவரையும் கேட்கவில்லை. சண்டை நடந்த, கேட்டால் அவனுக்குத்தான் ஆபத்து என்ற காலம். காத்திருந்தோம். அவன் வரவில்லை.

"நீர் சும்மா இரும்," என்று சொல்லிவிட்டு மீட்புக்காரரின் நம்பரை அடித்தேன்.

அந்தப் பக்கத்தில் ஒரு மனிதர் ஆறுதலாகக் கேட்டார். எத்தனை பேர், கடைசியாக எங்கே நின்றார்கள், அடுத்தது எங்கே போக இருந்தார்கள். மகள் கீறிய கோட்டில் விரலை வைத்துச் சொன்னேன். என் இங்கிலீசு அதுக்குப் போதுமாக இருந்தது.

மனைவி சாப்பிடவில்லை. நானும்தான்.

விடிந்து தேத்தண்ணி போடும்போது, மீட்புக்காரரின் போனில் மகள் எடுத்தாள். புயலில் கூடாரம் கிழிந்து போயிற்றாம். போன் நனைந்து வேலை செய்யவில்லையாம். ஒரு பெடியனுக்கு விரல்கள் உறையத் தொடங்கிவிட்டனவாம். வெளியே நடந்தால் வழி தவறும் என்று, நாலு பேரும் ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறார்கள். தேடிப் போனவர்கள் நேரே அந்த இடத்துக்குப் போயிருக்கிறார்கள்.

"பெடியன்ரை விரல்?"

"தப்பியிட்டுது. அஞ்சு மணிக்கே அடிச்சனீங்களோ அப்பா?"

"ஓம்."

"அம்மா விட்டவவோ?"

"இல்லை."

சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகுதான் கதிரையில் இருந்தேன்.

மகள் வந்து சேர்ந்த கிழமை, நான் வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்து மாட்டிக்கொண்டு நின்றேன். மனைவி வாசலுக்கு வந்தாள்.

"எங்கை போறியள்?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவள் கேட்காத கேள்வி.

"வேலைக்குத்தான். வேறை எங்கை?"

"எந்த பஸ்? எத்தினை மணிக்குத் திரும்புவியள்?"

மகள் மாடிப்படியில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பஸ் நம்பரைச் சொன்னேன். மணியையும் சொன்னேன்.